எங்கள் வீட்டுப் புயல் கூண்டு

நாளை மறுநாள் உங்கள் மனசு எப்படி இருக்கும் என்பதை இன்றைக்கே ஒரு கைப்பட்டை சொல்லிவிடும் என்றால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்களா? அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். நான் தலையாட்டியவள். என் வீட்டுக்காரர் கையில் நானே கட்டியும் விட்டவள். அதனால் வந்த கூத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் பெயர் சண்முகவடிவு. தூத்துக்குடியில் ஒரு பேக்கரியில் மக்ரூன் போடுகிறேன். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து சூட்டில் காயவைக்கிற வேலை. கப்பலையே ஆளில்லாமல் ஓட்டுகிற காலத்தில் மக்ரூனை மட்டும் எந்த எந்திரத்தாலும் ஒழுங்காகப் பிழிய முடியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வீட்டுக்காரர் கொம்பையா, மீன்கூட்டம் தேடிக் கடல்மேல் பறக்கிற ட்ரோன்களைப் பழுது பார்க்கிறவர். உப்புக்காற்றில் மோட்டார் அரித்துவிடும். அவர் பிரித்துப்போட்டுச் சரிசெய்து, படகில் ஏறி நடுக்கடல் வரை போய்ப் பறக்கவிட்டுச் சோதித்துவிட்டு வருவார். அந்தப் படகுப் பயணம்தான் அவருக்குச் சம்பளத்தைவிடப் பெரிது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இது அதைப் பற்றிய கதை இல்லை, அதனால் அந்தப் பேச்சை இத்தோடு விடுவோம்.

அவருக்கு மனச்சோர்வு வந்து ஏழு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் அது நோய் என்றே எனக்குத் தெரியவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்து ஏசினேன். பிறகு ஒரு நாள் மத்தியானம், ரொம்ப நேரமாகப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தார் என்று ஓர் ஆட்டோக்காரர் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் மாத்திரை எழுதினார். வாரம் ஒரு நாள் உட்கார்ந்து பேச ஆள் ஏற்பாடு செய்தார். “மீதி வீட்டுல நடக்கணும்மா. பெருசா ஒண்ணும் வேண்டாம். சின்னதா, தினமும்” என்றார். அப்படித்தான் எங்கள் பட்டியல் வந்தது. ஆறரைக்குள் எழுந்து போர்வையை உதறி மடிக்க வேண்டும். மடித்த பிறகு மறுபடி படுக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அதுதான் சூட்சுமம். பல் தேய்த்துவிட்டு மொட்டைமாடியில் கால் மணி நேரம் வெயில். குளித்ததும் அரை இட்லியாவது உள்ளே போக வேண்டும், அதன்மேல் மாத்திரை. சாயங்காலம் பீச் ரோட்டில் நடை. விளக்கு வைக்கும் நேரத்தில், அன்றைக்குச் செய்த மூன்று காரியங்களைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் “மூச்சு விட்டேன், மறுபடி விட்டேன், இன்னொரு தடவையும் விட்டேன்” என்றார். கணக்குக்கு மூன்று ஆயிற்றே என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

இதெல்லாம் வெளியே யாருக்கும் தெரியாது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற அவருடைய அக்கா தங்கபுஷ்பம் மதினிக்கே தெரியாது. மதினியைப் பொறுத்தவரை அவருக்கு அல்சர். ஏழு வருஷ அல்சர். பாவம், வாரம் தவறாமல் மணத்தக்காளிக் கீரை கொடுத்துவிடுவார். மனசு சரியில்லை என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எனக்கு. “பெண்டாட்டி சரியில்ல” என்றுதானே முதலில் சொல்வார்கள்.

போன கார்த்திகையில்தான் எங்கள் வார்டு மனநல மையத்தில் பட்டை வந்தது. நர்ஸ் ஜெனிட்டா ஒரு சின்ன டப்பாவை என் கையில் கொடுத்தாள். உள்ளே இரண்டு பட்டைகள், ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை.

“இது ஜோசியமா தங்கச்சி?” என்று கேட்டேன்.

“ஜோசியம் இல்லக்கா. மனசு விழுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே உடம்பு காட்டிக் குடுத்துரும். தூக்கம் உடையும், நாடி மாறும், நடை தளரும், குரல் இறங்கும். நமக்குப் பிடிபடாது, பட்டைக்குப் பிடிபடும். பத்துக்கு எத்தனைன்னு உங்க போன்ல வரும். ஏற ஏற மோசம், மனசு தேறுற வரைக்கும் இறங்காது.”

“என் போன்லயா? அவியளுக்கு?”

“அவங்க பாத்தா அதையே நினைச்சுக் கிடப்பாங்க. அதான் துணைக்கு மட்டும்.”

“அப்ப எனக்கு எதுக்கு ஒரு பட்டை?”

“ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே வெக்கை. ரெண்டு பேருக்கும் சேந்து தூக்கம் கெட்டா அது வெயிலா இருக்கும், கொசுவா இருக்கும். அவருக்கு மட்டும் கெட்டாத்தான் நோய். உங்களுதை வச்சு அதைக் கழிச்சுப் பாக்கும். உங்களைப் பத்தி ஒண்ணும் காட்டாது.” பிறகு விரலை நீட்டி, “ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. இது கணிப்புதான். அண்ணன் வாயால சொல்றதுதான் முதல்ல” என்றாள். நான் அதற்கும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் நோயாளி என்று எழுதியிருந்தது கருப்புப் பட்டையில். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏற்கெனவே இருண்டு கிடக்கிற மனுஷன், அவர் கையில் போய்க் கருப்பையா கட்டுவது? அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை அன்றைக்கு? கருப்பு என்னோடு இருக்கட்டும் என்று நான் கட்டிக்கொண்டேன், வெள்ளையை அவருக்குக் கட்டிவிட்டேன். உள்ளே இருக்கிற எந்திரம் ஒன்றுதான், நிறம் மட்டும்தான் வேறு என்று நினைத்துக்கொண்டேன். செருப்பு மாற்றிப் போட்டால்கூட யோசிப்பேன், இதற்கு யோசிக்கவில்லை.

மறுநாளே போனில் மூன்று என்று வந்தது. வாய் நிற்காமல் அவரிடமே சொல்லிவிட்டேன், சொன்னதும் சிரித்துவிட்டார். “மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சா? அப்ப போட்டெல்லாம் கரையில நிக்கணுமே” என்றார். எங்கள் ஊர்த் துறைமுகத்தில் புயல் கிளம்பினால் எண் போட்டுக் கூண்டு ஏற்றுவது வழக்கம். அன்றையிலிருந்து எங்கள் வீட்டிலும் கூண்டுதான். காலையில் கண் விழித்ததும் போனைப் பார்த்து “இன்னைக்கு ஒண்ணு”, “இன்னைக்கு நாலு” என்று அறிவிப்பேன்.

கூண்டு வந்த பிறகு வீடே மாறிப்போனது. எண் ஏறிய நாளில் அவரை விட்டு அசைய மாட்டேன். வெயிலில் அவரோடு நானும் உட்காருவேன். அவருக்கு முன்னால் நானும் அரை இட்லி தின்று காட்டுவேன். அதுவரை காலையில் வெறும் காப்பிதான் எனக்கு. நடைக்கு அவர் வர மறுத்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். “நானே முட்டி வலியோட வாரேன், உங்களுக்கு என்ன கேடு?” என்று ஏசிக்கொண்டே ஒரு மைல் நடப்பேன். அவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூடவே வருவார். மாதா கோயில் வரை போய் ஆளுக்கு ஒரு சுண்டல் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எனக்கே ஏதோ இலேசாக இருக்கும். நல்ல காரியம் செய்த திருப்தி என்று நினைத்துக்கொள்வேன்.

எண்ணைப் பார்த்துத்தான் அவரிடம் பேசவும் செய்தேன். மூன்றுக்கு மேல் போனால் சண்டை கிடையாது. அவர் ரசத்தில் உப்பு இல்லை என்று சொன்னாலும் “சரிங்க” என்பேன். ஒரு நாள் அவர் தட்டைத் தள்ளிவிட்டு, “ஏளா, ஒரு நாளாவது என்னத் திட்டு. ஆஸ்பத்திரியில இருக்க மாதிரி இருக்கு” என்றார். அன்றைக்குக் கூண்டு நாலு, அதனால் அதற்கும் “சரிங்க” என்றேன்.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தேன். அவர் பட்டறை முதலாளி நல்ல மனுஷன், அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒரு நாள் போன் செய்து, “தங்கச்சி, நம்பர் ஏறுற அன்னைக்கு மட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அன்னைக்குப் படகுல அனுப்ப மாட்டேன். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகிரக் கூடாது” என்றார். பாலத்து ஞாபகம் எனக்கு. சொல்லத் தொடங்கினேன். மாசத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் எண் ஏறியது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் பட்டறை மூலையில் உட்கார்ந்து திருகாணி பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இளவட்டங்கள் படகில் போய் வந்தார்கள். மூன்றாம் மாசத்தில் அவரைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை முறையிடவில்லை. சாயங்காலம் மூன்று காரியம் சொல்லும்போது மட்டும், “இன்னைக்கு நாப்பது திருகாணி கழட்டினேன்” என்றார். நான் சபாஷ் போட்டேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவுதான் புத்தி.

மாசாமாசம் ஜெனிட்டா போனில் விசாரிப்பாள், “கணிப்பு சரியா இருக்காக்கா?” என்று. “அச்சு அசலா இருக்கு” என்பேன். எண் ஏறிய நாளில் அவர் வாடித்தான் இருந்தார், நடக்க மறுக்கத்தான் செய்தார். வேறு என்ன வேண்டும்?

பங்குனி பிறந்தது. வெக்கை தாங்கவில்லை. எனக்கு நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. பேக்கரியில் என் கூம்புகள் சாய்ந்தன. இருபது வருஷத்தில் என் கை பிழிந்த கூம்பு சாய்ந்ததில்லை. காற்றில் ஈரம், முட்டை பழசு என்று எதையெதையோ சொல்லிச் சமாளித்தேன். போனில் மட்டும் நாலு நாளும் பூஜ்யம். அப்பாடா, அவர் நன்றாக இருக்கிறார், அது போதும் என்று இருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை ஏழாகியும் அவர் எழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நானே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

“எந்திரிங்க. கூண்டெல்லாம் எறக்கியாச்சு. இன்னைக்குப் பூஜ்யம்.”

“முடியல வடிவு.”

“போன்ல பூஜ்யம்னு போட்டிருக்கு.”

“போன்ட்ட சொல்லு, கொம்பையாவால முடியலியாம்னு.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. “நடிக்காதீய!” என்று கத்தினேன். “ஏறுத அன்னைக்கு நான் எதாவது சொல்லுதேனா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எனக்கு ஓய்வு இருக்கக் கூடாதா? எந்திரம் சொல்லுது நல்லா இருக்கீயன்னு. உங்களுக்குத்தான் மனசில்ல!”

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. போர்வையை உதறி மடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

“எங்க போறீய?”

“நடக்க. நீதான சொன்ன.”

போய்விட்டார். போனை எடுக்கவில்லை. கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் பாலம் ஞாபகம் வந்தது.

பிறகு நான் ஓடியதை எப்படிச் சொல்ல? தலை முடியவில்லை, செருப்பில்லை. பாலத்துக்குத்தான் முதலில் ஓடினேன். பாலத்தில் மீன்வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, அவர் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தேன். அப்படிப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தை எனக்கு வேண்டாதவர்களுக்குக்கூடக் கொடுக்க மாட்டேன். பிறகு பீச் ரோடு, மாதா கோயில், சுண்டல்காரர் நிற்கிற இடம். எங்கும் இல்லை. கடைசியில் ஜெனிட்டாவிடம் அழுவதற்காக மையத்துக்குப் போனேன்.

கேட் இன்னும் திறக்கவில்லை. வெளியே சிமெண்ட் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். என் காலில் செருப்பில்லாததைப் பார்த்துவிட்டு, தன் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினார்.

“இங்க என்ன செய்யுதீய?” என்றேன்.

“நீ நம்பல. இவங்க நம்புவாங்கன்னு வந்தேன்” என்றார்.

பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்குக் கேட் திறக்கும் வரை அங்கேயே இருந்தோம். அவர் கையை மட்டும் நான் விடவில்லை.

ஜெனிட்டா எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கணினியைத் திறந்தாள். திரையைப் பார்த்தாள், அப்புறம் என் கையைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள்.

“அக்கா, கருப்புப் பட்டை ஏன் உங்க கையில இருக்கு?”

சொன்னேன். வெள்ளிக்கிழமைக் கதையையும் சேர்த்தே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள்.

“எந்திரத்துக்கு நிறம் தெரியாதுக்கா. கருப்புக் கோடுதான் நோயாளின்னு நாலு மாசமா அதையே கணிச்சிருக்கு. வெள்ளைக் கோட்டை வெயில், கொசுன்னு நினைச்சுக் கழிச்சிருக்கு. உங்களுக்கு வந்த ஒண்ணு, மூணு, நாலு எல்லாம் அண்ணனோடது இல்ல.”

“பின்ன யாரோடது?” என்று கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் எனக்கே புரிந்தது.

“இந்த நாலு நாளைப் பாருங்க. ரெண்டு கோடும் ஒண்ணாக் கீழ போயிருக்கு. ரெண்டு பேரும் சேந்து விழுந்துட்டீங்க. ஊருக்கே வெக்கைன்னு நினைச்சு அது பூஜ்யம் போட்டுருச்சு.”

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கருப்புக் கோட்டின் ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரிந்த நாள்தான். குளியலறையில் வாளி நிரம்பி வழிய வழிய உட்கார்ந்திருந்த நாள். சாம்பாரில் சர்க்கரையைப் போட்டுவிட்டுக் காரணமில்லாமல் அழுத நாள். எல்லாம் அவர் கவலையால்தான் என்று அன்றைக்கு என் மனசுக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் வந்து என்னோடு ஒரு மணி நேரம் பேசினார். ஏழு வருஷமாக என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை, நானும் யாரையும் பேசவிட்டதில்லை. எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரருடைய மாத்திரையையும் மாற்றி எழுதினார்.

திரும்பும்போது ஆட்டோ வேண்டாம், நடக்கலாம் என்றார் அவர். வழியில் அவருக்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கினோம். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன்.

“ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லணும். கூண்டு ஏறுன அன்னைக்கெல்லாம் நீங்க முகத்தத் தொங்கப்போட்டுட்டுத்தான் இருந்தீய. அந்த எண்ணு உங்களுது இல்லன்னா, அது எப்படி?”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தார். எனக்குப் புரிய ஆரம்பித்தது.

“உங்களுக்குத் தெரியுமா?”

“மூணாவது வாரமே தெரியும்” என்றார். “நான் நல்லா இருக்க அன்னைக்கு நீ நாலுன்னு சொல்லுவ. என்னடான்னு உன்னப் பாத்தா, கண்ணு வீங்கிருக்கும். அடுப்பப் பத்தவச்சிட்டுப் பாத்திரத்த வைக்க மறந்துட்டு நிப்ப. டப்பாவ எடுத்துப் பாத்தேன். கருப்பு நோயாளிக்குன்னு போட்டிருந்துச்சு, அது உன் கையில கெடந்துச்சு. சென்சார் வேலை பாக்கவனுக்கு இது தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன செய்திருப்ப? கழத்தி வீசிருப்ப. ‘எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்’னு சொல்லிருப்ப. உனக்காக நீ ஒரு நாளு நடந்திருப்பியா? வெயில்ல உக்காந்திருப்பியா? இட்லி தின்னிருப்பியா?” என்னைத் திரும்பிப் பார்த்தார். “எனக்குன்னா செய்வ. அதான் எனக்குன்னே இருக்கட்டும்னு விட்டேன்.”

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து ஏசிவிட்டுப் போனார்.

“அப்ப நடிச்சீயளா? நாலு மாசமா?”

“அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. எனக்கு அந்த முகம் பழக்கம்தான.”

“படகு?”

அவர் துறைமுகம் இருக்கும் திசையைப் பார்த்தார். “கடல் எங்க போயிரும்” என்றார்.

அந்த மனுஷனை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, முதுகில் நாலு வைக்க வேண்டும் போலவும் இருந்தது. ஏசத்தான் முடிந்தது. “ஒங்க மூளைல உப்பு அடைச்சிருக்கா? உங்களுக்கு விழுத நாள யாரு பாக்கா? அந்த நாளெல்லாம் என்ன செஞ்சீய?”

“சமாளிச்சேன்.”

“சமாளிச்ச லட்சணத்தத்தான் பாத்தேன இன்னைக்கு! உங்களுக்கு எதாவது ஆகிருந்தா நான் உயிரோட இருப்பேனா? என்னக் காப்பாத்துதேன்னு உங்களத் தொலைக்கப் பாத்தீயளே!”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பாடா” என்றார். “நாலு மாசம் கழிச்சு இப்பத்தான் ஒழுங்காத் திட்டுத.”

வீட்டுக்கு வந்ததும் பட்டறை முதலாளிக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். இனி படகில் ஏறலாமா கூடாதா என்பதை என்னிடம் கேட்காமல் அவரிடமே கேட்கும்படிச் சொன்னேன். அது எளிதாக இருந்தது. அடுத்த காரியம்தான் மலையாக நின்றது.

நாங்கள் மையத்திலிருந்து கிளம்பும்போது ஜெனிட்டா ஒன்று சொல்லியிருந்தாள். இனி இரண்டு பேருமே நோயாளிகள், ஒருவரை வைத்து ஒருவரைக் கழிக்க முடியாது. வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொள்ள மூன்றாவதாக ஒருவர் வேண்டும், ஆள் கிடைத்தால் இன்னொரு கருப்புப் பட்டை தருவாள். அதே ஊர்க்காற்று, அதே தண்ணீர், அடிக்கடி வந்து போகிற ஆள். “நல்லா இருக்கிற ஒருத்தர் போதும்க்கா” என்றாள். எங்களுக்கு அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் மதினியே கீரையோடு வந்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருஷம். தனியாக இருந்துகொண்டு பள்ளிக்கூடச் சமையல்கூடத்தை ஒற்றை ஆளாக மேய்க்கிறவர். இழுத்து முடிந்த கொண்டை, தேய்த்த சேலை, அதிகாரக் குரல். நல்லா இருக்கிற ஆள் என்று படம் வரையச் சொன்னால் மதினியைத்தான் வரைவேன்.

கீரையை வாங்கிக் கீழே வைத்தேன். “மதினி, அவியளுக்கு அல்சர் இல்ல” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் ஆரம்பித்ததை நிறுத்தவில்லை. ஏழு வருஷத்தையும் சொன்னேன், பாலத்தையும் பட்டையையும் சொன்னேன். என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லும்போது குரல் ஒழுங்காகத்தான் வந்தது. “எனக்கும்தான் மதினி. எனக்கும் முடியல” என்று சொல்லும்போது மட்டும் உடைந்துவிட்டது. என் வாயால் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு வெள்ளைப் பட்டையை எடுத்து நீட்டினேன். “நீங்கதான் கட்டிக்கிடணும். நல்லா இருக்க ஒருத்தர் வேணுமாம்.”

மதினி பட்டையைக் கையில் வாங்கினார். கட்டிக்கொள்ளவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் மடியில் வைத்தார்.

“இது எனக்குச் சரிப்படாதுளா.”

ஊருக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். “யாருக்கும் தெரியாது மதினி, வளையலுக்குப் பின்னால…”

“அதுக்கில்ல.” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நான் தைராய்டுக்குன்னு ஒரு மாத்திரை போடுதேன்லா. எனக்குத் தைராய்டு இல்ல.”

உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து நின்றார். “எத்தன வருஷமாக்கா?”

“அத்தான் போன ஆறாம் மாசத்துல இருந்து. எட்டரை வருஷம்.” தம்பியைப் பார்த்துக் கோபமாகக் கேட்டார்: “நீ எங்கிட்டச் சொன்னியால? நான் மட்டும் சொல்லணுமா?”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த மதினி திடீரென்று என் தோளில் சாய்ந்துகொண்டார். அவ்வளவு பெரிய மனுஷி என் தோளில் சாய்வார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

“எப்படி மதினி, எட்டரை வருஷமாத் தனியா?” என்று கேட்டேன்.

“பெருசா ஒண்ணும் இல்லளா. எந்திரிச்ச உடனே தலைய வாரிக் கொண்டை போட்டுருவேன். மனசு எப்படிக் கெடந்தாலும் முதல்ல கொண்டை. மத்தத அப்புறம் பாத்துக்கிடலாம்னு.”

அடுத்த நாள் ஜெனிட்டாவிடம் இரண்டு பட்டைகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். “வேற ஆள் கிடைக்கலியாக்கா?” என்றாள். எங்கள் பக்கத்தில் நல்லா இருக்கிற ஆளுக்குத் தட்டுப்பாடு என்றேன். மாத்திரையையும் பேச்சையும் பழக்கத்தையும் விடாமல் செய்கிறோம், எண்ணை மட்டும் நாங்களே ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாரம் ஒரு தடவை மூன்று பேரும் வந்து போக வேண்டும், எண் ஐந்தைத் தாண்டினால் அந்த நிமிஷமே கூப்பிட வேண்டும் என்று கண்டித்து அனுப்பினாள்.

இன்றைக்குக் காலை ஆறே காலுக்குப் போன் அடித்தது.

“எத்தன?” என்றார் மதினி.

வாய் வழக்கப்படி ‘ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்’ என்றுதான் வந்தது. விழுங்கிவிட்டு, “நாலு” என்றேன். “உங்களுக்கு?”

“ரெண்டு. கொண்டை போட்டாச்சு. சாயங்காலம் நடைக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அவனுக்கு எத்தன?”

“கேட்டுச் சொல்லுதேன்.”

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகில் கை வைத்துக் கேட்டேன். என் பக்கம் திரும்பிப் படுத்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உள்ளதைச் சொன்னார்.